சிரில் வீட்டுக்குக் கவுன்சில் ஆள் வந்த நாள்

ஊர்க் கவுன்சிலிலிருந்து வந்த தொலைபேசியைச் சிரில் பாரக்ளஃப் தானே எடுத்துப் பேசியதுதான் வினையாகப் போயிற்று.

மகள் ஹேசல் அந்த நேரத்தில் பள்ளிக்கூடச் சமையலறையில் இருநூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வழக்கம்போல அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தபோது, கிழவர் பரீட்சையில் முதல் வகுப்பு வாங்கிய பையனைப் போல உட்கார்ந்திருந்தார்.

"கவுன்சில்லருந்து ஒரு பொண்ணு பேசுச்சு. நல்ல பொண்ணு. நடக்க முடியுதா, சாப்பிட முடியுதா, குளிக்க முடியுதான்னு வரிசையா கேட்டுச்சு. எல்லாம் நல்லாத்தான் இருக்கு கண்ணு, குறை சொல்றதுக்கு ஒண்ணுமில்லன்னேன்."

ஹேசல் பையைக் கீழே வைத்தாள். "குளிக்க முடியுதான்னு கேட்டதுக்கு என்ன சொன்ன?"

"முடியும்னேன்."

"நீ எங்கப்பா குளிக்கிற?"

"முடியுமான்னுதான் கேட்டுச்சு. குளிக்கிறீங்களான்னு கேக்கல."

எண்பத்தாறு வயது. நாற்பது வருஷம் பஸ் டிப்போவில் என்ஜினுக்கு அடியில் படுத்துக் கிடந்த உடம்பு. இடுப்பு வளையாது, முழங்கால் மடங்காது, கை நடுங்கும். ஆனால் அந்த ஊரில் ஒருவருக்குக் காலையே வெட்டி எடுத்திருந்தாலும், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "பரவாயில்ல, இன்னொண்ணு இருக்குல்ல" என்றுதான் பதில் வரும். முன்பின் தெரியாத ஆளிடம் முடியவில்லை என்று சொல்வது, கடைவீதியில் கால்சட்டையைக் கழற்றுவதற்குச் சமம். சிரில் அந்த ஊரிலேயே பிறந்து அந்த ஊரிலேயே காதோரம் நரைத்தவர்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. திரு. பாரக்ளஃபுக்குப் பராமரிப்பு உதவி தேவைப்படவில்லை. கூடவே, தேவாலய மண்டபத்தில் வியாழக்கிழமைதோறும் நடக்கும் முதியோர் மதிய உணவு பற்றி ஒரு துண்டுத்தாள், சிரிக்கும் கிழவிகள் படத்தோடு.

ஹேசலுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் அவள் இடது இடுப்பு எலும்பு தேய்ந்துபோய், ஜனவரியில் அதை எடுத்துவிட்டு உலோகம் வைப்பதாக ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருந்தார்கள். அதற்கப்புறம் மூன்று மாதத்துக்குக் குனியக்கூடாது, தூக்கக்கூடாது, பஸ் ஏறக்கூடாது. காலையில் வேலைக்குப் போகுமுன் வந்து அப்பாவுக்கு உடை மாற்றுவதும், ராத்திரிச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவதும் அவள்தான். அவள் படுத்தால் அந்த வீட்டுக்கு வர ஆளில்லை. கவுன்சில் ஆள் அனுப்பினால் அப்பா வீட்டில் இருக்கலாம். அனுப்பாவிட்டால் மேட்டுமேல் இருக்கிற ஃபெல்வியூ முதியோர் இல்லம்தான். அங்கே போனால் செலவுக்கு வீட்டை விற்க வேண்டும். இவ்வளவுதான் கணக்கு. இதில் குழப்பமே கிடையாது, குழப்புவதற்கு அவள் தம்பி நெவில் இருந்தான்.

நெவில் தெற்கே கென்ட் பக்கம் கண்ணாடிக் கூரை விற்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணி யோசனை சொல்வான்.

"அவசரப்படாத ஹேசல். அடுத்த அக்டோபர்ல புதுச் சட்டம் வருது. ஒரு மனுஷன் பராமரிப்புக்குன்னு தன் கைக்காசு எவ்வளவு கொடுக்கணும்கிறதுக்கு ஒரு உச்சவரம்பு வைக்கிறாங்க. அதைத் தாண்டிட்டா மிச்சத்தை கவர்மென்ட் பாத்துக்கும். சட்டம் வரட்டும், அப்பாவ ஃபெல்வியூல சேத்துடுவோம். வீடு வித்த காசுல நமக்கும் ஏதோ நிக்கும். அதுவரைக்கும் எப்படியாச்சும் ஓட்டு."

"ஓட்டுன்னா? நான் என்ன பஸ்ஸா?"

"சொல்றத கேளு..."

"வண்டிக்கு ஜனவரில ஆக்ஸில் மாத்துறாங்க நெவில். நீ வந்து தள்ளுறியா?"

நெவிலுக்கு ஜனவரி முழுக்க வேலை இருந்தது.

சிரில் இந்தப் பேச்சில் எதையும் கேட்காத மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஜன்னலுக்கு எதிரே எனிட்டுடைய தங்கையின் வீடு. எனிட் என்பவள் பக்கத்து வீட்டுக்காரி, எண்பதைத் தொடுகிறவள், ஹேசல் பிறந்ததிலிருந்து 'ஆன்ட்டி'. அவள் தங்கை மூன்று வருஷத்துக்கு முன் ஃபெல்வியூவுக்குப் போனாள். வீடு போயிற்று. வாங்கியவர்கள் ரோஜாச் செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சரளைக்கல் கொட்டிக் கார் நிறுத்துகிறார்கள். இதைத் தினமும் பார்த்துப் பார்த்து, சிரிலுக்கு ஒன்று மனசில் உறைந்துபோயிருந்தது: முடியவில்லை என்று வாயைத் திறந்தால் தூக்கிக்கொண்டுபோய் மேட்டில் போட்டுவிடுவார்கள்.

ஹேசல் அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். "நீ முடியலன்னு சொன்னாதாம்பா வீட்டுக்கு ஆள் வரும். முடியும்னு சொன்னா ஒருத்தரும் வரமாட்டாங்க. அப்புறம் ஒருநாள் விழுந்து இடுப்ப ஒடச்சுக்குவ. அப்பதான் மேட்டுக்குத் தூக்கிட்டுப் போவாங்க."

"நான் விழமாட்டேன்."

"நீ என்ன விழணும்னு நெனச்சா விழுவ?"

"பதினஞ்சு வயசுல வேலைக்குப் போனேன். வாராவாரம் சம்பளத்துல புடிச்சாங்க. யார்கிட்டயும் ஓசில ஒரு டீ குடிச்சதில்ல. இப்ப போயி பிச்சை கேக்கச் சொல்றியா?"

"நீ குடுத்த காசுதாம்பா அது!"

"அப்ப அதுக்கு எதுக்கு நான் அழுது காட்டணும்?"

யோசித்தால் நியாயமான கேள்விதான்.

அவள் கவுன்சிலுக்குப் போன் பண்ணினாள். காத்திருக்கச் சொல்லிப் போட்ட பாட்டைக் கேட்டாள். மறுபடி பண்ணினாள். மறுபடி பாட்டு. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு கேட்டு, அந்தப் பாட்டு அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. கடைசியில் ஓர் ஆள் கிடைத்தது. சமீனா என்று பெயர் சொன்ன அந்தச் சமூகப் பணியாளர் முழுக்கக் கேட்டுவிட்டு, "போன்ல கேட்டா இந்த ஊர்க் கிழவர்கள் எல்லாருமே மலை ஏறுவாங்கம்மா. நானே நேர்ல வரேன்," என்றாள். பிறகு ஒரு நிபந்தனை போட்டாள். "வீட்டைக் கூட்டாதீங்க, துடைக்காதீங்க. அப்பாவுக்குத் தலை சீவி விடாதீங்க. சாதாரண நாள்ல எப்படி இருக்குமோ அப்படி இருக்கணும். நான் பார்க்க வர்றது உங்க நல்ல நாளை இல்ல."

இடையில் ரேடியோவில், செப்டம்பரில் ராணி இறந்த செய்தியெல்லாம் ஓய்ந்தபிறகு, இன்னொரு செய்தி வந்தது. அந்த உச்சவரம்புச் சட்டத்தை அரசாங்கம் இன்னும் இரண்டு வருஷத்துக்குத் தள்ளிவைத்துவிட்டது. பழைய குருடி கதவைத் திறடி. ஹேசலின் அம்மா உயிரோடு இருந்த காலத்திலிருந்து வருகிறது, வருகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிற சட்டம். அம்மா போய்ச் சேர்ந்தாள், சட்டம் வந்து சேரவில்லை. சிரில் ரேடியோவைப் பார்த்துத் தலையசைத்தார். "இது எட்டாம் நம்பர் பஸ் மாதிரி. அட்டவணைல இருக்கும். ரோட்டுல இருக்காது."

நெவில் அந்த ஞாயிறு போன் பண்ணவில்லை.

சமீனா வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஹேசல் ஒரு காரியம் செய்தாள். அவள் வாழ்க்கையில் செய்த மிகக் கடினமான காரியங்களில் அதுவும் ஒன்று. ஓட்ஸ் கஞ்சி அடிப்பிடித்த பாத்திரத்தைக் கழுவாமல் தொட்டியில் விட்டாள். தரையில் சிந்தியிருந்த குழம்பை அப்படியே விட்டாள். கசங்கிய சட்டை நாற்காலியில் கிடந்தது, கிடக்கட்டும் என்று விட்டாள். சமையலறையில் நாற்காலிகளும் மூலைக்கொன்றாகக் கிடந்தன. மூன்று தடவை கை தானாகப் பாத்திரத்துக்குப் போயிற்று. மூன்று தடவையும் அதை இழுத்து, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் பள்ளியில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள். தெருமுனையிலேயே பினாயில் வாசம் அடித்தது.

அப்பா வீட்டு வாசற்படி ஈரமாகப் பளபளத்தது. பித்தளைக் கைப்பிடி கண்ணைப் பறித்தது. உள்ளே போனால், தரையில் முகம் பார்க்கலாம். சமையலறையிலிருந்து சுடச்சுட ஸ்கோன் ரொட்டி வாசனை. அங்கே எனிட் ஏப்ரனோடு நின்றுகொண்டு, பூப்போட்ட நல்ல கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவசரத்துக்கு என்று இந்த வீட்டுச் சாவி ஒன்று அவளிடம் இருக்கிறது.

"எனிட் ஆன்ட்டி," என்றாள் ஹேசல். "அந்தக் கஞ்சிப் பாத்திரம்?"

"தேய்ச்சுட்டேன். ரெண்டு தடவ ஊறவச்சு தேய்ச்சேன். அதுல உங்கப்பா ரோடு போடத் தார் காய்ச்சினாரா என்ன?"

"நான்தான் வேணும்னே விட்டுட்டுப் போனேன்."

"எனக்குத் தெரியும் கண்ணு, உனக்கு இடுப்பு வலி, முடியல. அதுக்குத்தான் நான் இருக்கேனே. கவுன்சில் ஆளு வரப்போ வீடு அப்படிக் கெடந்தா இந்தத் தெருவ பத்தி என்ன நெனப்பாங்க?"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தாற்போல் இருந்தது ஹேசலுக்கு. திட்டவும் முடியாது. எண்பது வயதுக்காரி மண்டியிட்டுத் தரை துடைத்திருக்கிறாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். அப்பா சாய்வு நாற்காலியில் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, தாடையில் வெட்டிக்கொண்ட இடத்தில் காகிதத் துணுக்கு ஒட்டியிருந்தது.

"டை யாருப்பா கட்டிவிட்டது?"

"எனிட். கழுத்த நெரிச்சுட்டா."

அழைப்பு மணி அடித்தது.

சமீனாவுக்கு நாற்பது வயது இருக்கும். மழைக்கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, தோளில் கனத்த பை. உள்ளே வந்து, தரையைப் பார்த்தாள், ஸ்கோனைப் பார்த்தாள், டையைப் பார்த்தாள், ஹேசலைப் பார்த்தாள். ஹேசல் கண்ணாலேயே எனிட்டைக் காட்டினாள். சமீனா கோட்டைக் கழற்றினாள். இந்த மாதிரி வீடுகள் அவளுக்குப் புதிதில்லை போல.

"வாம்மா, வா," என்றார் சிரில். "எந்த ஊரு நீ?"

"மார்க்கெட்டுக்குப் பின்னாடி, மில் லேன்."

"அது சரி. அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி, ஜெனரல் ஆஸ்பத்திரி, பிரசவ வார்டு."

சிரில் ஒரு கணம் முழித்துவிட்டு, பல்செட்டு ஆடச் சிரித்தார். "இது சரியான ஆளு."

சமீனா உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தாள். தூக்கம் எப்படி? நல்லாத் தூங்குறேன். மாடிப்படி? ஏறி இறங்குறேன். உடை மாத்திக்கிறது? பாருங்க, டை கூடக் கட்டியிருக்கேன். சாப்பாடு? வயிறாரச் சாப்பிடுறேன். ஒவ்வொரு பதிலுக்கும் எனிட் பின்பாட்டுப் பாடினாள். "இந்த வயசுக்கு இவர் எப்படி இருக்கார் பாருங்க! என் புருஷன் அறுபதுலயே போய்ட்டாரு." ஹேசல் சுவரோரம் நின்று, முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜனவரி மாதம் அவள் கண்முன் வந்து நின்றது. ஃபெல்வியூவின் பச்சைக் கதவும்.

"அப்ப உங்களுக்கு எந்தக் கஷ்டமும் இல்ல," என்றாள் சமீனா.

"குறை சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

"சந்தோஷம். எனக்கு ஒரு டீ கிடைக்குமா?"

எனிட் எழுந்தாள். சமீனா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "நீங்க இருங்கம்மா. இவர் வீட்டுக்குத்தான் வந்திருக்கேன். இவர் போடுற டீ வேணும்."

வீட்டுக்கு வந்தவள் வாய்விட்டுக் கேட்ட டீ. அந்த ஊரில் அதை மறுத்த மனிதன் இன்னும் பிறக்கவில்லை. சிரில் நாற்காலிக் கைகளை அழுத்தி, மூன்றாவது முயற்சியில் எழுந்தார். அலமாரியைப் பிடித்தார். கதவுச் சட்டத்தைப் பிடித்தார். சமையலறை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து வலது கையை நீட்டினார், பழகிய கை, பார்க்காமலே நீட்டினார்.

கைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

இன்னும் கொஞ்சம் நீட்டினார். விரல்கள் காற்றைத் துழாவின. அதற்குள் ஒரு கால் முன்னால் போய்விட்டது. இப்போது அவர் முன்னாலும் போக முடியாமல், பின்னாலும் வர முடியாமல், பளபளக்கும் தரைக்கு நடுவே கோட்டும் டையுமாக ஆடிக்கொண்டு நின்றார். ஹேசல் ஓடுவதற்குள் சமீனா போய்த் தன் தோளை அவர் கைக்கு அடியில் கொடுத்துவிட்டாள். பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. சும்மா பக்கத்தில் வந்து நிற்பவள் மாதிரி நின்றாள். கிழவர் அந்தத் தோளைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டார்.

"ஏ எனிட்," என்றார் சிரில். முகம் சிவந்திருந்தது. "என் நாற்காலியெல்லாம் எங்க வச்ச?"

"மேசைக்கு அடியில. நாற்காலி வேற எங்க இருக்கும்? கண்ட எடத்துல கெடந்துச்சு, எடுத்து ஒழுங்கா வச்சேன்."

"கண்ட எடத்துலயா? அதது அதது எடத்துலதாண்டி இருந்துச்சு!"

"எந்த இடம்?" என்று கேட்டாள் சமீனா. "காட்டுங்க. நான் பாக்கணும்."

ஹேசல் நாற்காலிகளை இழுத்தாள். சிரில் சமீனாவின் தோளைப் பிடித்தபடியே கட்டளை போட்டார். "அது கதவுக்குப் பக்கத்துல. இன்னும் எடது பக்கம். முதுகு என் பக்கம் இருக்கணும், புள்ள. ம். அடுத்தது அந்தக் கட்டத்துல. மூணாவது அடுப்புக்கிட்ட." ஒவ்வொரு நாற்காலிக் காலிலும் ரப்பர் வெட்டி ஆணி அடித்திருந்ததை ஹேசல் அப்போதுதான் பார்த்தாள். பஸ் டயர் ரப்பர். அப்பா சோம்பேறித்தனமாக நாற்காலிகளைப் போட்டுவைக்கிறார் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"வழுக்கவே வழுக்காது," என்றார் சிரில். முதல் நாற்காலியைப் பிடித்ததும் அவர் குரலே மாறிவிட்டது. "ரெண்டு கையாலயும் தொங்கிப் பாரு. அசையாது."

சமீனா தொங்கிப் பார்த்தாள். "நிஜமாவே அசையல. எத்தன மாசமா இப்படி?"

"ஈஸ்டர்லருந்து."

"நீங்களே யோசிச்சதா?"

"பின்ன? டிப்போல முப்பது டன்ன ஒத்த ஆளா நகத்தினவன். இந்த உடம்ப நகத்த முடியாதா?"

"வேற என்னென்ன செஞ்சு வச்சிருக்கீங்க?"

அவ்வளவுதான். மடை திறந்துவிட்டது. உதவி வேண்டுமா என்று கேட்டால் உதடு பிரியாத மனிதர், எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று ஒரு பெண் வியந்து கேட்டதும் வீடு முழுக்கச் சுற்றிக்காட்டினார். காலுறை மாட்டுவதற்கு அடுப்பு இடுக்கியை வளைத்துச் செய்த கருவி. கெட்டிலைத் தூக்க முடியாததால் அதைச் சாய்ப்பதற்கு மரத்தில் செய்த தொட்டில், அதிலும் பாதி வெந்நீர் வெளியேதான் போகும், அதற்கு அடியில் ஒரு தட்டு. பின்முற்றத்தில் பழைய காலத்துக் கழிப்பறை ஒன்று இன்னும் வேலை செய்தது. அதற்குப் போக, துணி உலர்த்தும் கயிற்றை இடுப்பு உயரத்துக்கு இறக்கி, கையளவுக்கு ஒரு முடிச்சுப் போட்டுவைத்திருந்தார். "இருட்டுலகூடப் போயிடலாம். முடிச்ச எண்ணிக்கிட்டே போனாப் போதும்."

"மழைல?"

"குடை எதுக்கு இருக்கு?"

"ஒரு கைல கயிறு, ஒரு கைல குடை. அப்ப ஊன்றுகோல்?"

சிரில் யோசித்தார். "மழைல அவசரம் வராத மாதிரி பாத்துக்குவேன்."

"மாடிலயும் ஒரு பாத்ரூம் இருக்கில்ல?"

"மாடிக்கு எவன் போனான்?" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

ஹேசல் திரும்பிப் பார்த்தாள். "அப்பா. நீ மாடிலதான் தூங்குற. தெனமும் நான் மேல போயி ஜன்னல் திறக்கிறேன். படுக்கை விரிச்சது விரிச்சபடி நேரா இருக்கு."

"படுத்தாத்தான கலையும்?"

ஜூன் மாதத்திலிருந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறார். காலையில் அவள் வருமுன் போர்வையை மடித்து அலமாரிக்குப் பின்னால் செருகிவிடுவார். கணுக்கால் ஏன் இப்படி வீங்குகிறது என்று அவள் டாக்டரிடம் போன் பண்ணிக் கேட்டதும், உப்பைக் குறைக்கச் சொன்னதும், அவள் ஆறு மாதமாக அவருக்கு உப்பில்லாத குழம்பு கொண்டுவந்ததும் எல்லாம் வீண், காலைத் தொங்கப்போட்டுத் தூங்கியதால் வந்த வீக்கம் அது. ஹேசலுக்கு வந்தது கோபம்தான்.

"நான் இங்க வந்து பாத்தத விட பாக்காதது ஜாஸ்தி போல," என்றாள்.

"குழம்பு நல்லாவே இல்ல," என்றார் சிரில்.

சமீனா உட்கார்ந்தாள். இந்தத் தடவை அவள் கேட்ட முறை வேறு மாதிரி இருந்தது. "கடைசியா எப்பக் குளிச்சீங்க? நிஜமா."

சிரில் எனிட்டைப் பார்த்தார். எனிட் கூரையைப் பார்த்தாள்.

"அப்ப ராணி உயிரோட இருந்தாங்க," என்றார்.

எனிட்தான் முதலில் சிரித்தாள். ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க. பிறகு சமீனா. ஹேசல் சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. கிழவர் மட்டும் சிரிக்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். சிரிப்பு அடங்கியதும் கேட்டார்.

"சரி. எல்லாத்தையும் பாத்துட்ட. எப்ப மேட்டுக்குத் தூக்கிட்டுப் போறீங்க?"

"யாரு சொன்னா தூக்கிட்டுப் போவோம்னு?"

"இவ தங்கச்சியத் தூக்கிட்டுப் போனீங்களே."

"அவ யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல," என்றாள் எனிட், மெதுவாக. "மாடிப்படில விழுந்து ஒரு ராத்திரி முழுக்கக் கெடந்தா. அப்புறம்தான் போனா. நல்லாத்தான இருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. நானும் நம்பிக்கிட்டே இருந்தேன்."

அவள் எழுந்து போய் ஸ்கோன்களைத் தட்டில் அடுக்கினாள். அடுக்கியதையே மறுபடி அடுக்கினாள்.

சமீனா சிரிலிடம் நேராகப் பேசினாள். காலையிலும் ராத்திரியிலும் ஒருவர் வந்து குளிக்க, உடுக்க, சாப்பிட உதவுவார். கட்டில் கீழே வரும். சுவரில் கைப்பிடிகள் வைப்பார்கள். மேலதிகாரி கையெழுத்துப் போட வேண்டும், இதைப் பார்த்தபிறகு போடாமல் இருக்க மாட்டார். "நீங்க உங்க வீட்டுலயே இருக்கிறதால வீட்டை நாங்க கணக்குல சேக்கமாட்டோம். சேமிப்பும் உங்களுக்குப் பெருசா இல்ல. அதனால பெரும்பகுதி கவுன்சில் கொடுக்கும்."

"ஓசியா?" சிரிலின் முகம் இறுகியது.

"முழுசா இல்ல. உங்க பென்ஷன்லருந்து வாராவாரம் ஒரு தொகை கொடுக்க வேண்டியிருக்கும்."

இந்த இடத்தில்தான் சமீனா வழக்கமாக வசவு வாங்குவாள். அதனால் கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொண்டாள்.

"நான் கொடுக்கணுமா?"

"ஆமா."

"வாராவாரம்?"

"ஆமா."

சிரில் டையைத் தளர்த்தினார். முதுகு நிமிர்ந்தது. "அத மொதல்லயே சொல்லக்கூடாதா? நான் என்னமோ தர்மத்துக்குப் பண்றீங்கன்னு நெனச்சேன். காசு குடுத்துத்தான குளிக்கப்போறேன், அப்ப வரச்சொல்லு." பிறகு எனிட் பக்கம் திரும்பி, "கேட்டியா? நான் பணம் கட்டுறேன்," என்றார்.

"கேட்டேன், கேட்டேன். மொதல்ல அவங்களுக்கு அந்த டீயப் போடு."

ஹேசல்தான் போட்டாள். சமீனா ஸ்கோன் இரண்டு சாப்பிட்டாள், மூன்றாவதைக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். வாசலில் ஹேசலிடம், "உங்க அப்பா கொஞ்சம் கொடுத்துவச்சவர்," என்றாள். "அந்தம்மா நாற்காலிய நகத்தலேன்னா, டீயக் கொண்டுவந்து என் கைல குடுத்திருப்பார். நானும் குடிச்சுட்டு, முடியுதுன்னு எழுதிட்டுப் போயிருப்பேன்."

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கையெழுத்து வந்தது. கட்டில் கீழே வந்தது. வருகிறவள் பெயர் பியாட்ரிஸ், ஜிம்பாப்வேக்காரி, உருண்டு திரண்ட கைகள். முதல் நாளே சிரிலுடைய நாற்காலி ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு, இது என்ன தாத்தா, பஸ் நிலையமா என்று கேட்டாளாம். கைப்பிடிகள் வந்த பிறகும் சிரில் நாற்காலிகளை எடுக்கவிடவில்லை. அவள் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகிக்கொண்டாள். காலையில் நேரம் தவறினால் அவர் கேட்பார், காசு கட்டுகிறவர் என்ற முறையில். தாமதமாகிற நாள்களும் உண்டு, ஒரு சனிக்கிழமை வராமலேயே போனதும் உண்டு. அன்றைக்கு எனிட் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, பாத்திரத்தை நாள் முழுக்க ஊறவைத்தாள்.

ஜனவரியில் ஹேசலுக்கு உலோக இடுப்பு வைத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் படுத்திருந்தபோது நெவில் போன் பண்ணினான். சட்டம் தள்ளிப்போனது போனதுதான், ஆனால் புதிதாக ஒரு குழு போடப் போவதாகப் பேச்சு, அது அறிக்கை கொடுத்தால் அதற்கடுத்த வருஷம் கட்டாயம் ஏதாவது நடக்கும் என்றான். அவள் முழுக்கக் கேட்டாள். "நடந்தா சொல்லு," என்றாள். சண்டை போடத் தோன்றவில்லை.

அடுத்த நாள் காலை பழக்கதோஷத்தில் ஆறரைக்கே விழிப்புக் கொடுத்துவிட்டது. வெளியே மழை. கம்பத்து விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. எட்டு மணிவரை பொறுத்துப் பார்த்துவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டாள். மணி ரொம்ப நேரம் அடித்தபிறகு எடுத்தார். பின்னால் தண்ணீர் சத்தம், யாரோ பாடும் சத்தம்.

"அப்பா, எப்படி இருக்க?"

"தலைல சோப்பு போட்டிருக்கா. கண்ணுல இறங்குது. இப்ப பேச முடியாது. அப்புறம் கூப்பிடு."

வைத்துவிட்டார்.

ஹேசல் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மெதுவாகச் சமையலறைக்குப் போய், ரொட்டி வாட்டி, அப்பா வீட்டில் தடவுவதைவிட இரண்டு மடங்கு வெண்ணெய் தடவினாள். மேலே நிறைய உப்பைத் தூவி, நின்றபடியே தின்றாள். தட்டைத் தொட்டியில் போட்டாள். கழுவவில்லை. திரும்பிப் போய், முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துக்கொண்டு, மழை நிற்கிற வரைக்கும் தூங்கினாள்.